தீக்காயமும் உடலின் அபாயச் சங்கும்



தீ விபத்தில் சிக்கியவர் பல நாள் சிகிச்சைக்குப் பிறகு பலனின்றி உயிரிழந்தார் என்னும் செய்தியை நாளிதழ்களில் நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அச்செய்தியில் ஒரு கணக்கு ஒளிந்திருப்பதைக் கவனித்ததுண்டா? விபத்து நடந்தது மாதத்தின் முதல் தேதி. உயிர் பிரிந்தது பதினைந்தாம் தேதி. தீயோ முதல் நாளே அணைந்துவிட்டது. இடையில் நோயாளி கண் விழித்தார், பேசினார், பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விசாரித்தார், கஞ்சி கூடக் குடித்தார். "தேறிவிட்டார்" என்று உறவினர்கள் கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் காய்ச்சல் ஏறியது. இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. அந்தப் பதினைந்து நாளில் உடலுக்குள் நடந்தது என்ன?

இக்கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வி அன்று. 1991-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டதையும், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றதையும் நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழகத்தில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. இவை பெரிய செய்திகள். ஆனால் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குக் காலங்காலமாக வந்து சேர்ந்தவர்களில் மிகப் பலர் வெடிவிபத்தில் சிக்கியவர்கள் அல்லர். மண்ணெண்ணெய் அடுப்பிலும் சமையலறையிலும் தீப்பற்றியவர்கள். பண்டார் தெங்காராவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் வீட்டுத் தீ, கொதிக்கும் எண்ணெய், குப்பை எரிக்கும்போது ஊற்றிய பெட்ரோல் என்று காரணங்கள் சாதாரணமானவையாகவே இருக்கும்.

எவ்வளவு வெந்தது என்ற கணக்கு

மருத்துவர்கள் "40 சதவீதம்" என்று சொல்லும்போது அது உடலின் மேற்பரப்பில் எத்தனை பங்கு வெந்தது என்பதைக் குறிக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு கை 9 சதவீதம், ஒரு கால் 18, மார்பும் வயிறும் சேர்ந்து 18, முதுகு 18, தலை 9 என்பது பொதுக்கணக்கு. நோயாளியின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்தால் ஏறக்குறைய 1 சதவீதம். இருபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அது தோலின் நோயாக மட்டும் நிற்பதில்லை. முழு உடலின் நோயாகிவிடுகிறது.

முதல் இரண்டு நாள் ஆபத்து, நீர் இழப்பு. இரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் வடிந்துவிடும். அமெரிக்காவில் டல்லஸ் நகரின் பார்க்லண்ட் மருத்துவமனையில் உருவான சூத்திரத்தின்படி, 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் சுமார் 9.6 லிட்டர் திரவத்தை இரத்த நாளம் வழியே ஏற்ற வேண்டும். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள். இந்தக் கணக்கு வந்த பிறகு முதல் இரண்டு நாளைக் கடப்பவர்கள் பெருகினார்கள். கடந்து வந்தவர்களுக்கு வேறொரு எதிரி காத்திருந்தது. அதுதான் கிருமி.

தோல் என்னும் மதில் இடிந்துவிட்டது, கிருமி நுழைந்தது, இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். மதில் இடிந்தது உண்மைதான். ஆனால் மதில் இடிந்தாலும் உள்ளே காவலர்கள் இருக்கிறார்களே! கையை ஆழமாக வெட்டிக்கொண்டால் நூற்றில் ஒருவருக்குக் கூட உயிர் போவதில்லை. வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. பெரிய தீக்காயத்தில் அந்தக் காவலர்களே தடுமாறுகிறார்கள். அவர்களைத் தடுமாற வைப்பவற்றுள் முதன்மையானது நம் உடல் தானே ஊதும் அபாயச் சங்கு.

நிற்காமல் ஊதும் சங்கு

சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலைமேலும் தொப்பி போல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்பது அதன் பெயர். அதன் உட்பகுதி அட்ரினலினையும் சிறிது நார்அட்ரினலினையும், மேற்பகுதி கார்டிசாலையும் சுரக்கின்றன. நார்அட்ரினலினை உடலெங்கும் பரவியுள்ள நரம்பு நுனிகளும் வெளியிடுகின்றன. இவற்றையே மன அழுத்த ஹார்மோன்கள் என்கிறோம். இப்பெயர் கொஞ்சம் ஏமாற்றும். கவலையில் மட்டும் சுரப்பவை என்று எண்ணிவிடக் கூடாது. வலி, இரத்த இழப்பு, குளிர், பட்டினி, பயம், தூக்கமின்மை ஆகிய எல்லாவற்றுக்கும் உடல் தரும் பதில் இதுதான்.

தோட்டத்தில் நடந்து போகும்போது பாம்பைக் கண்டால் இதயம் படபடக்கிறதல்லவா? அது அட்ரினலின். பாம்பு போனதும் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். பெரிய தீக்காயத்தில் பாம்பு போவதே இல்லை. இந்த ஹார்மோன்களின் அளவு வழக்கத்தைப் போலப் பத்து மடங்கும், சிலருக்கு அதற்கு மேலும் உயர்ந்து, வாரக்கணக்கில் அப்படியே நிற்கிறது. செம்பனை ஆலையில் தீ என்று சங்கு ஊதினால் எல்லோரும் ஓடி வருவார்கள். அதே சங்கு இருபது நாள் இரவும் பகலும் நிற்காமல் ஊதினால் அந்த ஆலையில் யார் தூங்குவார்கள், யார் வேலை பார்ப்பார்கள்?

இதயம் ஓய்வின்றி ஓடுகிறது. உடல் எரிக்கும் சக்தி இருமடங்கு வரை உயர்கிறது. தசை கரைந்து சர்க்கரையாகிறது. படுக்கையில் அசையாமல் கிடப்பவர் மெலிந்துகொண்டே போவதன் காரணம் இதுவே. 1974-இல் அமெரிக்க இராணுவத்தின் சான் அன்டோனியோ தீக்காய ஆய்வு நிலையத்தில் டக்ளஸ் வில்மோரும் அவரது சகாக்களும் இதற்கு மூலகாரணம் அட்ரினலின் குடும்பமே என்பதைக் காட்டினார்கள்.

காவலர்களுக்கு நேர்வது

இப்போது வெள்ளை அணுக்களுக்கு வருவோம். இவை பல சாதி. முதலில் ஓடிவந்து கிருமியை விழுங்குபவை நியூட்ரோஃபில்கள். இவற்றின் ஆயுள் மிகக் குறைவு; ஆகவே எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி புதிய நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்தபடி இருக்கிறது. சற்று நிதானமாக வந்து, செத்ததைத் துப்புரவு செய்து, பிறருக்குச் செய்தி சொல்பவை மோனோசைட்டுகளும் அவற்றிலிருந்து பிறக்கும் மேக்ரோஃபேஜ்களும். குறிப்பிட்ட பகைவனை அடையாளம் கண்டு நினைவில் வைத்துத் தாக்குபவை லிம்போசைட்டுகள்.

கார்டிசால் இவற்றுள் லிம்போசைட்டுகளை முதலில் தொடுகிறது. அவற்றில் பல தாமாகவே மடிந்துபோகின்றன; மற்றவை இரத்தத்தை விட்டு ஒதுங்குகின்றன. எஞ்சி நிற்பவையும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ள அனுப்பும் இரசாயனச் செய்தியைக் குறைத்துவிடுகின்றன. இதைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க அவர்கள் பிரெட்னிசோலோன் மாத்திரை உண்பதையும், "கூட்டத்துக்குள் போகாதீர்கள், கிருமி தொற்றும்" என்று மருத்துவர் எச்சரிப்பதையும் அறிவோம். பிரெட்னிசோலோன் கார்டிசாலின் செயற்கைத் தம்பி. பெரிய தீக்காயம் பட்டவர் அதே வகை மருந்தைத் தம் சொந்தச் சுரப்பியிலிருந்தே, யாரும் எழுதிக் கொடுக்காமல், பெரிய அளவில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நியூட்ரோஃபில்களின் கதை வேறு. இரத்தப் பரிசோதனையில் அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடியே காணப்படும். "வெள்ளை அணு நிறைய இருக்கிறதாம், நல்லதுதானே" என்று மகிழ்பவர்கள் உண்டு. குழாய்ச் சுவர்களில் ஒட்டி ஓய்வெடுத்திருந்தவற்றை ஹார்மோன்கள் உதறிவிட்டதாலும், மஜ்ஜையிலிருந்து முதிராதவை அவசரமாக வெளியேற்றப்படுவதாலும் வரும் எண்ணிக்கை அது. செம்பனைக் கன்றை நாற்றுப் பண்ணையில் ஓர் ஆண்டளவு வளர்த்த பிறகே காட்டில் நடுகிறோம். மூன்று மாதக் கன்றைப் பிடுங்கி நட்டால் வரிசையில் எண்ணிக்கை சரியாக இருக்கும்; குலை வராது. அதுபோல இந்த இளம் அணுக்கள் கிருமி இருக்கும் திசை அறிந்து நகர்வதிலும், விழுங்கியதைக் கொல்வதிலும் பின்தங்கி நிற்கின்றன.

இதற்கும் மேலாக, எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே ஹார்மோனின் கை நீள்கிறது. அமெரிக்காவில் சிக்காகோ அருகே உள்ள லொயோலா பல்கலைக்கழகத்தின் தீக்காய ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக இதைத் துருவினார்கள். மஜ்ஜைக்குள் நரம்பு நுனிகள் சென்று நார்அட்ரினலினை வெளியிடுகின்றன என்பதை 1999-இல் எலிகளில் காட்டினார்கள். எல்லா இரத்த அணுக்களுக்கும் தாயான மூல அணுவே அந்த ஹார்மோனை ஏற்கும் வாயிலைத் தன்மீது வைத்திருக்கிறது என்பது 2007-இல் வெளிவந்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதலாவதாகக் குழலி முத்து என்ற பெயரும், பின்னால் ரவி சங்கர் என்ற பெயரும் இருப்பதைக் காணும்போது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: தீக்காயமும் கிருமித் தொற்றும் சேர்ந்தால், நார்அட்ரினலின் மஜ்ஜையின் உற்பத்தியைத் திசை திருப்பிவிடுகிறது. நியூட்ரோஃபில்களாக வளர வேண்டிய அணுக்கள் மோனோசைட் பாதைக்குத் தள்ளப்படுகின்றன. அப்படிப் பிறக்கும் மோனோசைட்டுகளும் சுறுசுறுப்பற்றவை. கிருமியைக் கண்டும் மெத்தனமாகவே நிற்கும். எலிகளில் இந்த ஹார்மோன் வாயிலை மருந்தால் மூடியபோது உற்பத்தி மீண்டும் பழைய வழிக்குத் திரும்பத் தொடங்கியது.

பகைவனும் சும்மா இருப்பதில்லை. நார்அட்ரினலின் இருக்கும் இடத்தில் சில கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன என்று மார்க் லைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992-இல் எழுதினார். நாம் ஊதும் சங்கைக் காவலன் கேட்டுக் குழம்புகிறான். திருடனோ அதைக் கேட்டு உற்சாகம் கொள்கிறான். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பவே சிரமமாக இருந்தது.

உடல் ஏன் தன்னையே இப்படிக் கெடுத்துக்கொள்கிறது? கெடுக்கும் நோக்கம் அதற்கு இல்லை. பெரிய தீக்காயத்தில் வெள்ளை அணுக்கள் முதலில் மிதமிஞ்சிக் கொந்தளிக்கின்றன. 2011-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, கடுமையான விபத்துக் காயங்களில் வெள்ளை அணுக்களின் மரபணுச் செயல்பாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் மாறிவிடுவதைக் கண்டு அதற்கு "மரபணுப் புயல்" என்று பெயர் சூட்டியது. தீக்காய நோயாளிகளிலும் அதே போக்கைக் கண்டது. அந்தக் கொந்தளிப்பு அடங்காவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் வெந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பழுதாகும். கார்டிசால் அதை அடக்கவே வருகிறது. சிறு காயத்தில் இந்த ஏற்பாடு அழகாக வேலை செய்கிறது. பாதி உடல் வெந்த நிலைக்கு இயற்கை இதை வகுக்கவில்லை. ஏனெனில் அந்த நிலையில் முற்காலத்தில் யாரும் மூன்றாம் நாளைப் பார்த்ததில்லை.

பழைய இரண்டு சான்றுகள்

கனடாவின் மொன்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்பவர் 1936-இல் ஒரு சிறு கடிதத்தை அறிவியல் இதழொன்றில் வெளியிட்டார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், அறுவை செய்தாலும், ஓயாமல் ஓடவிட்டாலும், நச்சுமருந்து கொடுத்தாலும், காரணம் எதுவானாலும் மூன்று மாற்றங்கள் ஒன்றுபோலவே வந்தன: அட்ரினல் வீங்கியது, வயிற்றில் புண் வந்தது, மார்புக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. லிம்போசைட்டுகளின் பயிற்சிக்கூடம் தைமஸ் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. தீக்காயம் பட்டவருக்குக் குடலில் புண் வருவதை லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் கர்லிங் 1842-லேயே எழுதிவைத்திருந்தார். சங்கிலியின் கண்ணிகள் ஒன்று சேர ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இரண்டாவது சான்று எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்காட்லந்தின் கிளாஸ்கோ நகரில், தீக்காயமுற்ற ஓர் இளம் பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலைச் சிறு துண்டுகளாக எடுத்து ஒட்டினார்கள். சில நாள் ஒட்டியிருந்து பின் அழிந்தது. இரண்டாம் முறை அதே சகோதரனின் தோலை ஒட்டியபோது இன்னும் விரைவாக அழிந்தது. உடல் அந்நியனை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடவாரும் 1943-இல் இதை வெளியிட்டார்கள். தொடர்ந்து இத்துறையில் உழைத்த மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கெல்லாம் அடித்தளம் ஒரு தீக்காயப் படுக்கையின் அருகே இடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் மிகப் பெரிய தீக்காயம் பட்டவர்களின் மேல் பிறர் தோலை ஒட்டினால் அது வழக்கத்தைவிட அதிக நாள் நிலைக்கிறது என்பதையும் மருத்துவர்கள் கண்டார்கள். தள்ளிவிட வேண்டிய காவலர்கள் சோர்ந்து கிடக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? கெட்டதிலும் ஒரு நன்மையாக, இந்தச் சோர்வைப் பயன்படுத்தி இறந்தவர்கள் தானம் செய்த தோலைத் தற்காலிகப் போர்வையாக ஒட்டி, சொந்தத் தோல் வளரும்வரை உயிரைக் காக்கிறார்கள். கண் தானம் போலத் தோல் தானமும் உண்டு. தொடை, முதுகு ஆகிய இடங்களில் மேலாக மெல்லிய ஏடு போலத்தான் எடுக்கிறார்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையிலும் சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலும் இதற்கான தோல் வங்கிகள் இயங்குகின்றன.

சங்கை அடக்கும் வழிகள்

தீக்காய வார்டில் நடக்கும் பல காரியங்கள் வெளியாருக்கு விளங்காதவை. அவற்றுள் பாதி, இந்த ஹார்மோன் சங்கின் ஓசையைக் குறைப்பதற்காகவே.

வெந்து செத்த தோலைச் சில நாட்களுக்குள்ளேயே சீவி அகற்றி, நோயாளியின் நல்ல தோலை ஒட்டுவது முதலாவது. செத்த தோல் கிடக்கும்வரை சங்கு ஊதிக்கொண்டே இருக்கும். அன்றைய யுகோஸ்லாவியாவின் மரிபோர் நகரில் சோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர் இம்முறையைச் செம்மைப்படுத்தி 1970-இல் உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் அது தானாக உதிரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். "வந்த மூன்றாம் நாளே ஆப்பரேஷனா, உடம்பு தாங்குமா?" என்று கையெழுத்திடத் தயங்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அறையைச் சூடாக வைப்பது இன்னொன்று. 28 முதல் 33 பாகை செல்சியஸ் வரை வைப்பது வழக்கம். பார்க்க வருபவர்கள் வியர்த்து வழிந்து, "ஏர்கோன் கூடப் போடாமல் வைத்திருக்கிறார்களே" என்று கோபப்படுவதுண்டு. தோலிழந்த உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் நார்அட்ரினலின் மேலும் ஏறும்.

உணவை முதல் நாளிலேயே மூக்குக் குழாய் வழியாகத் தொடங்கிவிடுவார்கள். அழுத்த ஹார்மோன்கள் குடலின் இரத்த ஓட்டத்தைச் சுருக்குவதால் குடல் சுவர் பலவீனமாகி, அங்குள்ள கிருமிகள் உடலுக்குள் கசியக்கூடும். உணவு அந்தச் சுவரைக் காக்கிறது. புரதம் மட்டும் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 90 முதல் 120 கிராம். முட்டைக் கணக்கில் பதினைந்து முதல் இருபது முட்டை! சைவ உணவினர் பால், தயிர், பருப்பு, சோயா, மருத்துவமனை தரும் புரத மாவு ஆகியவற்றால் இதை ஈடுகட்டலாம். உணவு ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நோயாளிக்காக விரதம் இருப்பவர்கள் குடும்பத்தாராக இருக்கட்டும். நோயாளி விரதம் இருக்கக் கூடாது.

பிறகு மருந்து. இதயப் படபடப்புக்குப் பழங்காலமாக வழங்கும் புரோப்ரனலோல் அட்ரினலினின் வாயிலை அடைக்கும் மாத்திரை. அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரில் டேவிட் ஹெர்ன்டன் குழுவினர், 40 சதவீதத்துக்கு மேல் தீக்காயமுற்ற 25 குழந்தைகளை ஆராய்ந்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்ற பிள்ளைகளின் இதயத் துடிப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. தசை கரைவது நின்றது. அதன் பிறகு பல தீக்காய மையங்களில் இது சிகிச்சையின் பகுதியாகியது. வெள்ளை அணுக்களுக்கும் இது முழுப் பலன் தருமா என்பது மனிதர்களில் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சையே அடைத்துவிடும்.

வலிக்கு மோர்ஃபின் கொடுக்கும்போது, "அபின் மருந்தாயிற்றே, பழகிவிடுமே" என்று தடுக்கும் உறவினர்களை நான் கண்டிருக்கிறேன். அன்பினால்தான் தடுக்கிறார்கள். ஆனால் கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் அடங்காத வலி என்பது சங்கின் கயிற்றை மறுபடி இழுப்பதே. நோயாளி பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது வீரமாகத் தோன்றலாம். அதன் விலையை வெள்ளை அணுக்கள் கொடுக்கின்றன. இரவுத் தூக்கமும் அப்படியே. இரவு பத்து மணிக்கு எழுப்பி, "அத்தை வந்திருக்கிறார் பார்" என்று சொல்லத் தேவையில்லை.

நாம் அறிய வேண்டியவை

தீ பட்டவுடன் செய்வது முதலில் வருகிறது. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல்களை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி, பண்டார் தெங்காரா கிளினிக்குக்கோ, காயம் பெரிதானால் கூலாய், ஜொகூர் பாரு மருத்துவமனைகளுக்கோ கொண்டு செல்ல வேண்டும். பெரிய காயம், குழந்தை என்றால் காயத்தை நனைத்து உடலைப் போர்த்துங்கள். முழு உடலும் குளிர்ந்துவிடக் கூடாது. கிச்சாப், பற்பசை, வெண்ணெய், மஞ்சள், முட்டை வெள்ளை ஆகிய எதையும் பூசாதீர்கள். சிறு காயத்தில் இவற்றால் வந்த கேடு தெரியாமல் போயிருக்கலாம். காவலர் சோர்ந்த உடலில் அதே பொருள் கிருமிக்கு விதைநிலம்.

மருத்துவமனையில் பார்வையாளர் எண்ணிக்கையைக் குறைப்பதும், கவுன் அணியச் சொல்வதும், கை கழுவ வைப்பதும் நம்மை அவமதிப்பதற்காக அல்ல. மாலையும் பூங்கொத்தும் வேண்டாம். பூ வைத்த தண்ணீரில் சூடோமோனாஸ் என்னும் கிருமி விரும்பி வளரும், தீக்காயத்தின் கொடிய பகைவர்களில் அது ஒன்று. கோயில் பிரசாதம் கொண்டு போக நினைப்பவர்கள் தாதியிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். திருநீற்றைக் கட்டுகளின் அருகே கொண்டு செல்லாமல், மடித்த காகிதத்தில் நோயாளியின் பெயரால் வீட்டுப் பூசையறையில் வைக்கலாம். இறைவன் அருள் வார்டு வாசலில் நின்றுவிடுவதில்லை அல்லவா?

பயத்தைத் தணிப்பதில் மட்டும் குடும்பத்துக்கு நிகர் எவருமில்லை. அனுமதிக்கப்படும் அந்த ஒருவர், நோயாளி நம்பும் ஒருவராக இருக்கட்டும். விபத்து யார் தவறு என்ற விசாரணையை அந்தக் கட்டிலருகே நடத்தாதீர்கள். தாயின் குரல் கேட்டுக் குழந்தையின் நாடித் துடிப்பு இறங்குவதைத் திரையில் கண்ணாலேயே பார்க்கலாம்.

வீடு திரும்பியதும் எல்லாம் முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். ஹெர்ன்டன் குழுவினரோடு பணியாற்றிய மார்க் ஜெஷ்கே முதலானோர் 977 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் எழுதியதன்படி, அழுத்த ஹார்மோன்களும் உடலின் மிகை வேகமும் காயம் பட்ட மூன்று ஆண்டுகள் வரை கூட நீடிக்கின்றன. தோல் மூடிய பிறகும் உள்ளே சங்கு மெல்லியதாக ஊதிக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்குத் திரும்பிய பிள்ளை சோர்ந்து போவதும், எவ்வளவு உண்டும் எடை ஏறாததும், இரவில் திடுக்கிட்டு விழிப்பதும், நெஞ்சு படபடப்பதும் சோம்பலோ பிடிவாதமோ அல்ல. மருத்துவர் குறித்த தேதியில் கொண்டு போய்க் காட்டுங்கள், உடற்பயிற்சியை விடாதீர்கள், சத்தான உணவைக் குறைக்காதீர்கள். புண் ஆறிய இடம் மீண்டும் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சலோ நடுக்கமோ கண்டாலோ, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தாலோ, விடியட்டும் என்று பார்த்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். காயம் எப்போது, எத்தனை சதவீதம் பட்டது என்ற தாளையும் மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.